மட்டராசி நம் சென்னைக்கு வந்த கதை

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பித்தபோது, சென்னையின் எஃப்.சி. என்று நமக்கும் ஒரு அணி கிடைத்தது. மாலையானால் மணலில் பந்து உதைக்கும் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இத்தாலியின் மார்கோ மட்டராசி வருகிறார் என்றதும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

காரணம், 2006 ஜூலை 9, பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டம். ஜிடானின் சகோதரியைப் பற்றி இவர் தகாத வார்த்தை பேச, ஜிடான் இவர் மார்பில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். அந்த மகா கலைஞனின் கடைசி ஆட்டம் அப்படி முடிந்தது. நானோ ஜிடானின் ரசிகன்! அன்று இத்தாலிக்காகத் தலையால் முட்டி கோல் போட்டுச் சமன் செய்தவரும் இதே மட்டராசிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2015-ல் அவர் பயிற்சியாளராக மட்டும் இருந்தார். டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதியாட்டம். கடைசி நிமிடங்களில் 1-2 என்று பின்தங்கியிருந்தோம். எதிரணி கோல்கீப்பரின் சுயகோல் ஒன்று, அடுத்து மெண்டோசாவின் கோல். 3-2, கோப்பை நமக்கு!

ஜிடானுக்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் வெள்ளத்தில் தவித்த ஊருக்குச் சிரிக்க ஒரு காரணம் கொடுத்த மனிதரைத் திட்ட நாக்கு எழவில்லை.