நட்பில் வளர்ந்த நிழற்படக் கலை

நிழற்படம் எடுப்போர் தனித்து நின்று தொழில் செய்பவர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கறுப்புத் துணிக்குள் தலையை மறைத்துக்கொண்டு ஒருவர் நிற்க, மற்றவரெல்லாம் அவர்முன் வரிசையாக அமர்ந்திருந்த பழங்காலக் காட்சி அவ்வாறு எண்ணச் செய்கிறது. ஆயின், நாம் குடியேறி வாழும் இம்மும்பையின் வரலாறு வேறு கூறுகின்றது. இங்கு அக்கலை தோழமையில் வேரூன்றியது.

பம்பாய் என்று இந்நகர் வழங்கப்பட்ட நாளில், 1854-ஆம் ஆண்டு, நிழற்படக் கழகம் ஒன்று இங்கே தோன்றியது. இத்துறைக்கென இந்தியாவில் எழுந்த முதற் கழகம் அதுவே. கல்கத்தாவும் சென்னையும் 1856-இல் அவ்வழியைப் பின்பற்றின.

கழகம் கூட்டிச் செய்யவேண்டிய அளவுக்கு அதில் என்ன அருமை என்று இன்றைய இளைஞர் கேட்கலாம். 1851-இல் இங்கிலாந்தில் ஆர்ச்சர் என்பார் வெளியிட்ட முறை அப்போது பரவத் தொடங்கியிருந்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, ஈரம் உலருமுன் படம் பிடித்து, உடனே இருட்டறையில் கழுவி முடிக்க வேண்டும். நம் நாட்டு வெயிலில் அவ்வீரம் எத்துணை நேரம் நிற்கும்? மருந்தின் அளவையும் பட்ட அனுபவத்தையும் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ள ஓர் அவை வேண்டியிருந்தது.

அவ்வவையில் ஆங்கிலேயரோடு நம் நாட்டவரும் அமர்ந்தனர். மருத்துவரும் வரலாற்றறிஞருமான பாவூ தாஜி லாட் அவருள் ஒருவர்; அவர்தம் தம்பி நாராயண் தாஜி மற்றொருவர். 1855-இல் எல்பின்ஸ்டன் கல்வி நிலையம் நிழற்பட வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. அங்குப் பயின்ற ஹரிச்சந்திர சிந்தாமண் இக்கலையையே தொழிலாகக் கொண்டார். வசதியுடையோரின் பொழுதுபோக்கு, உழைப்பவரின் வாழ்வுத் தொழிலாகவும் ஆயிற்று.

இவ்வழியில் வந்தவர்களுள் ஹோமாய் வியாரவாலா அம்மையாரை நாம் மறத்தலாகாது. 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்து, நம்மைப் போலவே வெளியூரிலிருந்து இந்நகருக்கு வந்தவர். ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்றார். காமிராவைக் கையாளக் கற்பித்தவர், நண்பராக வாய்த்துப் பின்னர்க் கணவராகிய மாணெக்ஷா. உடன் பயின்ற பெண்களும், உல்லாசப் பயணம் சென்ற மகளிர் குழுவினரும் அவருடைய தொடக்ககாலப் படங்களில் இடம்பெற்றனர். 1938-இல் ‘பாம்பே கிரானிக்கிள்’ அவருடைய படங்களை வெளியிட்டு, படத்துக்கு 1 ரூபாய் அளித்தது. தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரிலேயே அச்சேறின! 1942-இல் தில்லி சென்று, 1947-இன் விடுதலைக் காட்சிகளைப் படமாக்கி நாட்டுக்களித்த அவரை, 2011-இல் பத்ம விபூஷண் விருது தேடி வந்தது. மறுஆண்டு அவர் மறைந்தார்.

எடுத்தவர் பெயர் மறைவது அவரோடு முடிந்த கதையன்று. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம் திருமணங்களையும், பொங்கல் விழாக்களையும், பள்ளி ஆண்டு விழாக்களையும் படம் பிடித்தவர் பலர். ஊரிலுள்ள பெற்றோர் பேரனின் முகத்தை முதன்முதல் கண்டது அவர்கள் எடுத்துத் தந்த படத்தில்தான். எல்லார் வீட்டு விழாவிலும் நின்ற அவர்கள், எவர் வீட்டுப் படத்திலும் இல்லை. எடுப்பவர் படத்தினுள் வருவதெங்ஙனம்?

பழைய குடியிருப்புகள் மாறிவருங் காலம் இது. வீடு மாறும்போது பெட்டியடியில் கிடந்த படங்கள் பழந்தாளோடு போய்விடுகின்றன. முதியோர் மறைந்தபின், படத்தில் நிற்பவர் யாரெனச் சொல்லவும் ஆளில்லை. எனவே, அன்பர்களே, இவ்விழா நாளில் ஒன்று செய்வோம். வீட்டிலுள்ள பெரியோரைக் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வைப்போம். அவற்றின்கீழ், எடுத்தவர் பெயரையும் மறவாது எழுதுவோம். நம்மோடு வாழ்ந்து நம் முகங்களைக் காத்துத் தந்தவர்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.