மண்ணைக் கக்கிய அயிரை

எங்கள் வீட்டில் அடுப்பேறாத மண்சட்டி ஒன்று இருக்கிறது. உள்பக்கம் சொரசொரவென்றிருக்கும், அழுத்தித் தேய்த்தால் விரல் சிராய்க்கும். மீன் உரசுவதற்கென்றே அப்பத்தா வாங்கியது. அம்மா கைக்கு வந்து, அறுபத்தேழு வயதில் என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மேலூர்ப் பக்கம் கண்மாய்க்கரை ஊர்களில் இப்படி ஒரு சட்டி இல்லாத வீடு அன்றைக்குக் கிடையாது. கடற்கரை ஊர்களிலும் மீன் உரசச் சட்டி வைத்திருப்பார்கள். எங்கள் சட்டிக்குள் விழுந்த மீனோ, விழும்போதும் துள்ளிக்கொண்டிருக்கும்.

விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக்கூடிய மீன்கள். கோடையில் கண்மாய் வற்றிச் சேறாகும்போதும் தாக்குப்பிடிக்க அதுதான் உதவுகிறது. பானையில் இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றி விராலைப் போட்டு வைத்தால் மறுநாள் காலையிலும் உயிரோடு கிடக்கும். பனையேறிக் கெண்டையின் கதை இன்னும் பெரியது. 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி அந்த மீன் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதி வைத்தார். அவர் எழுதியதை நம்பலாமா என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். மழைநாளில் அது வரப்பு தாண்டி நகர்ந்து போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக, எங்கள் பக்கத்துப் பெண்கள் மீன் கெட்டுவிடுமே என்று அவசரப்பட்டதில்லை. அவர்களுடைய கவலையெல்லாம் சேற்று வாடை. சமையல் முறை முழுக்க அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் என்பது என் எண்ணம்.

அயிரையைப் பாருங்கள். சுண்டுவிரல் நீளம்கூட இராது. மணலிலும் சேற்றிலும் புதைந்து கிடந்து மேய்கிற மீன். குடல் எடுக்க முடியாது, தலை கிள்ளக் கூடாது, முழுசாகத்தான் குழம்பில் போடவேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் மண்ணை என்ன செய்வது? அப்பத்தா உயிர் அயிரையை அகலமான சட்டியில் விட்டு, தண்ணீரை மூன்று முறை மாற்றிவிட்டு, ஒரு உழக்குப் பசும்பாலை ஊற்றுவாள். சிறிது நேரத்தில் அடியில் மண் படியும். “பாலக் குடிச்சிட்டு மண்ணக் கக்குது பாருடி” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். செத்த அயிரையை அவள் சட்டிக்குள்ளேயே விடமாட்டாள். “செத்தது எப்படிடி கக்கும்?” மதுரையில் இன்றைக்கும் அயிரையைத் தண்ணீரோடு, நெளிய நெளிய விற்பது இதனால்தான்.

பிறகு கல் உப்பைத் தூவி உரசுசட்டியில் போட்டு, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்ப்பாள். வழுவழுப்பு நுரையாகப் பொங்கி வரும். நுரை வருவது நிற்கும்வரை தேய்ப்பு நிற்காது. விராலுக்கு அடுப்புச் சாம்பல். கெளுத்திக்கு முதலில் மீசைப் பக்கத்து முள்ளை ஒடிக்கவேண்டும். அது குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். இதற்குக் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. குளத்துப் பாசியும் சேற்று நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் மீனுக்கு மண்வாடையைக் கொடுக்கிறது. புளிப்பில் அது சிதைந்துபோகும். அப்பத்தாவுக்கு இந்தப் பெயர் தெரியாது. கெளுத்திக்கு மட்டும் புளியோடு மாங்காயும் வேண்டும் என்பது தெரியும். நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு. புளிக்கரைசல் கொதித்துச் சுண்டி எண்ணெய் மிதக்கும்போது அயிரையைக் கொட்டி ஒரே கொதி. கரண்டி போடக்கூடாது; சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றி விடவேண்டும். குழம்பின் சிவப்பு நிறத்துக்கு வயது அதிகமில்லை. மிளகாய் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகு வந்தது. அதற்குமுன் இந்த மண்ணின் மீனுக்குக் காரம் கொடுத்தது மிளகு. எங்கள் வீட்டில் விரால் குழம்புக்கு இன்றும் மிளகுதான் அரைக்கிறோம்.

மீன்களின் பெயர்களோ மிளகாயைவிட மிகப் பழையவை. அயிரையும் ஆரலும் வாளையும் சங்கப் பாடல்களில் அதே பெயரில் நீந்துகின்றன; விரால் அங்கே வரால். பாண்டியர்கள் கயலையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். ஏரி மீனுக்கு வரியும் குத்தகையும் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பாசிப்பாட்டம் என்று அதற்குப் பெயர். ஊர்க்காரர்கள் இன்றும் ‘மீன் பாசி ஏலம்’ என்றுதான் சொல்கிறார்கள். 1895இல் பெரியாற்று அணை திறந்து, கால்வாய் வழியாக மேலூருக்குத் தண்ணீர் வந்தபிறகு எங்கள் கண்மாய்களின் போக்கு மாறியது. மழையை மட்டுமே பார்த்திருந்தவற்றுக்கு மலைத் தண்ணீரும் கிடைத்தது.

ஆனாலும் கோடையில் நீர் இறங்கும். அறுவடை முடிந்து, முழங்காலளவு நீர் இருக்கும்போது மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவரும் இறங்கக்கூடாது. வீசியதும் ஊத்தா, கச்சா, வலை, கூடை என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பாயும். அன்று பிடித்த மீனை விற்பது பாவம். சமைக்கவேண்டும், பிடிக்காதவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பவேண்டும். அப்படிச் செய்தால்தான் அடுத்த மழை வரும் என்பது நம்பிக்கை. அந்த ராத்திரி ஊர் முழுக்க ஒரே வாசம் வரும். முள் குறைந்த விரால் பிள்ளைகளுக்கு. பொடி முள் நிறைந்த கெண்டையை நெருக்கமாகக் கீறி மொறுமொறுவென்று பொரித்துப் பெரியவர்களுக்கு. மிஞ்சிய குழம்பு விடிகாலைப் பழைய சோற்றுக்கு, எல்லாருக்கும்.

பானைக்குள் வரும் மீன் என் காலத்திலேயே மாறிவிட்டது. மொசாம்பிக் திலாப்பியாவை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வாய்க்குள்ளேயே முட்டையை வைத்துக் காக்கும் மீன். எந்தத் தண்ணீரிலும் பெருகும். எங்கள் ஊர் வாயில் அதன் பெயர் ஜிலேபி ஆனது. 1957இல் ஹிராலால் சௌத்ரி, கெண்டை இனங்களை ஊசி போட்டு முட்டையிட வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். கங்கைப் பக்கத்துக் கட்லாவும் ரோகுவும் குஞ்சுகளாக எங்கள் கண்மாய்களுக்கு வந்து சேர அதுதான் வழிதிறந்தது. ஏழைகளின் தட்டில் மீன் கூடியது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குத்தகைக்காரர் கட்லாக் குஞ்சு விடும் கண்மாயில் குஞ்சைத் தின்னும் விராலுக்கு இடமில்லை. பூச்சிமருந்து கலந்த வாய்க்காலில் அயிரை நிற்காது. கட்லா ஐஸ்பெட்டியில், துண்டு போட்டு வருகிறது. பாலுக்கும் வேலையில்லை, சாம்பலுக்கும் வேலையில்லை.

போன கோடையில் பக்கத்து ஊர்க் கண்மாயில் வெள்ளை வீசினார்கள். என் தம்பி மகன் ஊத்தாவோடு போய், பிளாஸ்டிக் வாளியில் கொண்டுவந்தான். பெரும்பாலும் ஜிலேபி. அடியில் இரண்டு குரவையும், ஒரு கைப்பிடிக்கும் குறைவான அயிரையும் நெளிந்துகொண்டிருந்தன.

“இத்தனூண்டு அயிரைக்கா அத்தை பால் ஊத்தப் போறீக?” என்றான்.

ஊற்றினேன். பக்கத்தில் வந்து குந்தி, மண் படிகிறதா என்று அவனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.