கயிறு வளைந்த இடம்: சான் பிரான்சிஸ்கோ பிளேக், 1900

இன்றைக்கு முன்னுரை எதுவும் இல்லாமல் நேராக 1900-க்குப் போயிடலாம். மார்ச் 6, சான் பிரான்சிஸ்கோ. சைனாடவுனில் குளோப் ஹோட்டல்னு ஒரு கட்டடம். பேர்தான் ஹோட்டல், உள்ளே அறைக்கு அறை ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அதோட பேஸ்மென்ட்ல தங்கியிருந்த வோங் சுட் கிங் என்ற 41 வயதுக்காரர் இறந்துபோகிறார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. உடலைப் பார்த்த மருத்துவருக்குச் சந்தேகம்: பிளேக்கா?

மறுநாளே சைனாடவுனைச் சுற்றிப் போலீஸ் கயிறு கட்டிவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் வெளியே போகலாம், சீனர்கள் போக முடியாது. இதில் ஒன்றைக் கவனிங்க, லேப் ரிசல்ட் அப்போ இன்னும் வரவே இல்லை.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1894-ல் ஹாங்காங், 1896-ல் பம்பாய் என்று பிளேக் கப்பல் ஏறிப் பரவிக்கொண்டிருந்தது. 1897-ல் பூனாவில் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்ட பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். அதுவும் இதே நோயின் கதைதான். ஹொனலுலுவில் 1900 ஜனவரியில் நோய்வீடுகளை எரிக்கப் போய், காற்றடித்து, சைனாடவுனே சாம்பலானது. ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சான் பிரான்சிஸ்கோ சீனர்களுக்கு இந்தச் செய்தி புதுசு. கயிற்றைப் பார்த்ததும் அவர்களுக்கு எது ஞாபகம் வந்திருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை.

சரி, லேப். ஏஞ்சல் தீவில் மத்திய அரசு மருத்துவர் ஜோசப் கின்யூன் அந்தச் சாம்பிளை எலி, கினிப்பன்றி, குரங்கு எல்லாவற்றுக்கும் ஊசி போட்டுக் காத்திருந்தார். ரெண்டு நாளாகியும் எதுவும் சாகவில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன, வியாபாரிகள் கத்தினார்கள், கயிறு அவிழ்ந்தது. அதற்குப் பிறகு மார்ச் 11-க்குள் எலியும் கினிப்பன்றிகளும் செத்தன, ரெண்டு நாள் கழித்துக் குரங்கும் போனது. பிளேக்தான். ஆனால் அதற்குள் ஊரில் பாதிப் பேர் "எல்லாம் டிராமா" என்று முடிவு பண்ணிட்டாங்க. டெஸ்ட் முடியறதுக்கு முன்னாடியே ரிலீஸ் பண்ணி, அப்புறம் அவசரமா பின்வாங்கினா யூசர் நம்புவாரா என்ன?

இங்கே பணத்தைப் பத்திப் பேசணும். கலிஃபோர்னியாவின் பழங்கள் நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்த காலம். பிளேக் என்ற சொல் வெளியே போனால் சந்தை மூடிவிடும். ஆளுநர் ஹென்றி கேஜ், பிளேக்கே இல்லை என்று கடைசிவரை சாதித்தார். செத்தவர்கள் உடலில் கின்யூனே கிருமியை ஏற்றியிருக்கலாம் என்று சட்டமன்றத்துக்கு அனுப்பிய உரையில் குற்றம் சாட்டும் அளவுக்குப் போனார். எனக்கு இவர்மேல் துளி மரியாதை கிடையாது.

அதே நேரம் கின்யூனையும் ஹீரோவாக்க முடியவில்லை. அறிவியலில் அவர் சொன்னது சரி. ஆனால் அரிசி சாப்பிடுகிற ஆசியர்களைத்தான் பிளேக் பிடிக்கும் என்பது அன்றைக்கு மருத்துவர்களே நம்பிய விஷயம். எலித்தெள்ளுதான் பரப்புகிறது என்று சைமண்ட் 1898-லேயே எழுதியிருந்தும் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதனால் தெள்ளைத் தேடாமல் சீனர்களைத் தேடினார்கள். சீனக் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் 1882-லேயே வந்துவிட்டது. நோய் அந்த வெறுப்புக்கு ஒரு டாக்டர் சீட்டு கொடுத்த மாதிரி ஆனது.

மே மாதம் புது உத்தரவு. பம்பாயில் ஹாஃப்கின் உருவாக்கிய தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட சான்றிதழ் இல்லாமல் ஆசியர்கள் ஊரைவிட்டுப் போக முடியாது. கடுமையான காய்ச்சலும் வலியும் தரும் ஊசி அது. மற்றவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. சைனாடவுனில் கடைகளை மூடினார்கள், விஷம் ஏற்றுகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. சோதனைக்கு ஆள் வந்தால் நோயாளியை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள், பிணத்தை மறைத்தார்கள். காய்ச்சல் வந்தவர் வைத்தியரிடம் போகவே பயப்படுகிற நிலை. சீன ஆறு கம்பெனிகள் என்ற சமூக அமைப்பு வக்கீல் வைத்தது. மே கடைசியில் நீதிபதி வில்லியம் மாரோ உத்தரவை ரத்து செய்தார். கிருமி உடம்பில் ஏறுவதற்கு முன்னால் போடவேண்டிய ஊசி அது, ஏற்கெனவே தொற்று ஏறியவருக்குப் போட்டால் ஆபத்து. ஊரைவிட்டுக் கிளம்புகிறவருக்குப் போடுவதில் மருத்துவ நியாயமே இல்லை. அதோடு, ஒரு இனத்தை மட்டும் குறிவைக்கிறது.

உடனே நகராட்சி மறுபடியும் சைனாடவுனைச் சுற்றி வளைத்தது. சுமார் 12 பிளாக். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் இங்கேதான் வருகிறார்: ஜூ ஹோ, ஸ்டாக்டன் தெரு மளிகைக் கடைக்காரர். அவரோட வாடிக்கையாளர்கள் நிறைய பேர் கோட்டுக்கு வெளியே, அவர் கடை உள்ளே. கோடு நேராகப் போகவில்லை. வெள்ளைக்காரர் கட்டடம் வரும் இடத்தில் வளைந்து அதை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரும்பியது. பாக்டீரியாவுக்கு எப்படித் தெரியும் இது யாரோட கடைன்னு? உள்ளே இருந்த சமையல்காரர்கள், சலவைத் தொழிலாளிகள் வெளியே வேலைக்குப் போக முடியாமல் கூலி இழந்தார்கள். ஜூ ஹோ வழக்குப் போட்டார். ஜூன் 15-ல் அதே மாரோ தீர்ப்பு சொன்னார். நோய் இருந்தால் அந்த வீட்டைத் தனிமைப்படுத்தலாம்; ஆயிரக்கணக்கானவர்களை ஒன்றாக அடைத்தால் பரவல்தான் கூடும்; சீனர்கள் மேல் மட்டும் பாயும் சட்டம் சமநீதி ஆகாது. வேலி இறங்கியது.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். கின்யூன் இந்த முறை எல்லோருக்கும் பொதுவாக, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மாநிலத்தைவிட்டுப் போகிற யாராக இருந்தாலும் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்றார். ஊரே கொதித்தது. சீனர்கள் தங்கள் தடையை நீக்க ஒவ்வொரு தடவையும் கோர்ட் படி ஏறவேண்டியிருந்தது. இந்தத் தடையை அதிபர் மெக்கின்லியே சில நாளில் நீக்கிவிட்டார்.

1901-ல் மத்திய அரசு அனுப்பிய நிபுணர் குழு பிளேக்கை உறுதி செய்தது. ஆனாலும் அறிக்கையை வெளியிடாமல் இழுத்தடித்தார்கள், கின்யூனை இடம் மாற்றினார்கள். டாக்டரான ஜார்ஜ் பார்டீ 1903-ல் ஆளுநரான பிறகுதான் வேலை ஒழுங்காக நடந்தது. 1904-ல் அலை ஓய்ந்தபோது நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் சீனர்கள்.

1906 பூகம்பத்துக்குப் பிறகு, 1907-ல் பிளேக் திரும்ப வந்தது. இந்த முறை நோயாளிகளில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். யார் தெருவுக்கும் கயிறு கட்டவில்லை. எலி பிடித்துக் கொடுத்தால் காசு கொடுத்தார்கள், தரைக்கு கான்கிரீட் போட்டார்கள். ஆனால் மறுத்தும் மறைத்தும் போன அந்த ஆண்டுகளில் கிருமி எலியிடமிருந்து காட்டு அணில்களுக்குத் தாவியிருந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இன்றைக்கும் சராசரியாக வருஷத்துக்கு 7 பேருக்கு பிளேக் வருகிறது.

ஹொனலுலு தீயை இன்றைக்கு ரெண்டு வரியில் தாண்டிட்டேன். அடுத்த எபிசோட் முழுக்க அதுதான்.