சப்பிரகமுவத் தோட்டங்களும் முழங்கால் வாதமும்

உடலின் பாரம் முழுவதையும் தாங்கி நிற்கும் மூட்டு முழங்கால். அதில் தோன்றும் நோவு மிகப் பழமையானது. சித்த வைத்தியர் அதனைக் கீல்வாயு என்றனர். ஆயுர்வேத நூலார் சந்திகளில் தங்கிய வாதம் என்றனர். மேனாட்டார் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்டியோ ஆர்த்திரைட்டிஸ் எனப் பெயரிட்டனர். வைத்தியர் மருந்து பல கண்டபோதிலும், மக்கள் மனத்தில் வேரூன்றிய எண்ணம் ஒன்றே: இது முதுமையின் தேய்வு, பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்பது. அவ்வெண்ணம் எவ்வாறு மாறிற்று என்பதை அறிதல், தோட்டங்களில் உழைப்போருக்குப் பெரிதும் பயன்தரும்.

இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்து 1889இல் சப்பிரகமுவ மாகாணம் ஆயின. அதற்கு முன்னரே இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் கோப்பி பயிரிடப்பட்டிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பியை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்துசேர்ந்த இறப்பர், பின்னர் கேகாலைச் சரிவுகளில் பரவியது. பயிர் மாறினும் முழங்காலின் வேலை மாறவில்லை. கொழுந்து பறிப்பவள் கூடையுடன் மேடு ஏறிப் பள்ளம் இறங்க வேண்டும். பால் வெட்டுபவர் விடியுமுன் புறப்பட்டு, ஏறத்தாழ 300 மரங்களை நாடி, தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும் குந்தியும் எழவேண்டும். மழை மிகுந்த இந்நாட்டில் வழுக்கும் பாதையில் ஊன்றும் ஒவ்வோர் அடியும் மூட்டுக்குச் சோதனையே.

தோட்ட மக்களின் மருத்துவத்துக்கென 1872இலும் 1912இலும் சட்டங்கள் பிறந்தன. எனினும் அக்கால மருத்துவர் போராடியது உயிர்கொல்லும் நோய்களோடு. 1916 முதல் கொக்கிப்புழுவை ஒழிக்கும் முயற்சி நடந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைக் கொடுமையாகத் தாக்கியது. இவற்றுக்கு நடுவே முழங்கால் நோவு யார் கண்ணிலும் படவில்லை. அது உயிரைக் கொல்வதில்லை, நாட்கூலியைக் கொல்கிறது. குறித்த நிறைக்குக் கொழுந்து சேரவில்லையெனில் அரைப்பேர்தான். நொண்டும் கால் எத்தனை அரைப்பேருக்குக் காரணமாயிற்று என்பதைச் செக்ரோல் புத்தகம் சொல்லாது. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் முதன்மையாக விபத்தில் நேரும் காயத்தைக் கருதியது. சிறுகச் சிறுக வரும் தேய்வுக்கு விபத்து நடந்த நாள் என்று ஒன்று ஏது?

இந்நோவு வயதால் மட்டும் வருவதன்று என்னும் உண்மை வேறொரு நாட்டின் உழைப்பாளரிடமிருந்து வெளிப்பட்டது. இங்கிலாந்தில் கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இரு மருத்துவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்து, அவர்தம் முழங்கால்களில் தேய்வு மிகுந்திருப்பதை 1952இல் எடுத்துக்காட்டினர். எக்ஸ்ரே படத்தில் தேய்வை அளக்க அவர்கள் 1957இல் வகுத்த படிநிலைகள் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றன. ஆயினும் பிரித்தானிய அரசு சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் வாதத்தைத் தொழில்நோயாக ஏற்றது 2009இலேதான். உண்மை தெரிந்தபின்னும் சட்டம் வந்துசேர 57 ஆண்டுகள் ஆயின.

இனி, கத்தியின்றி இந்நோவை அடக்கும் வழி யாது? முதலாவது பயிற்சி. நோகும் காலை அசைக்காது வைத்தலே நலம் என்ற பழைய எண்ணம் பிழையாயிற்று. 1997இல் அமெரிக்காவில் 439 முதியோரை வைத்து நடத்திய ஆய்வில், நடைப்பயிற்சியோ தசைப்பயிற்சியோ செய்தவருக்கு நோவு குறைந்து இயக்கம் கூடியது. தொடையின் முன்தசையே முழங்காலின் காவலன். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டிச் சில நொடி நிறுத்தி மெல்ல இறக்குதல் போதும். நாள்தோறும் பத்துப் பத்து முறை செய்யலாம். பயன் தெரியப் பல வாரம் ஆகும்.

இரண்டாவது சுமை குறைத்தல். உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று 2005இல் கண்டனர். பருத்தவருக்கு இது நல்ல செய்தி. ஆனால் மெலிந்த உடலோடு கூடை சுமப்பவளிடம் இளைக்கச் சொல்லிப் பயனில்லை. அவளுக்குக் குறையவேண்டியது கூடையின் பாரம். மூன்றாவது ஊன்றுகோல். அதனை நோகும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்கவேண்டும் என்பதைப் பலர் அறியார்.

நொச்சியிலை ஒத்தடமும் எண்ணெய் தேய்த்தலும் வெம்மையால் இதம் அளிக்கும். தேய்ந்த குருத்தெலும்பை அவை வளர்ப்பதில்லை. வலிக்குளிகைகளில் சில வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியன. மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் விழுங்கலாகாது. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால், அல்லது கால் திடீரென மடங்காமல் பூட்டிக்கொண்டால், தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சை சிலருக்குத் தேவைப்படும். அது கடைசிப் படி, முதற்படி அன்று.

ஆகவே, பாதிப் பரிகாரம் நோயாளியின் கையில் உள்ளது. மறுபாதி தோட்டத்தை நடத்துவோர் கையில். நிறுக்கும் இடம் மலைக்கு அருகில் அமைதல், கூடையை அடிக்கடி வெறுமையாக்க இடங்கொடுத்தல், சரிவில் படிக்கட்டு வெட்டுதல், நோவுற்றவருக்குச் சமதரையில் வேலை தருதல் ஆகியவற்றில் எதற்கும் சத்திரசிகிச்சைக் கூடம் வேண்டியதில்லை. கொக்கிப்புழுவுக்கும் மலேரியாவுக்கும் மருந்து கண்ட மலைநாட்டில், முழங்காலுக்கு வேண்டிய மருந்தில் ஒரு பங்கு மண்வெட்டியாலேயே செய்யக்கூடியது.