கருவறைக்குள் நுழைந்த மதம்

கருக்கலைப்பைப் பாவம் என்று மதம் கூறலாம். குற்றம் என்று கூறுவது சட்டம். பாவம் எந்நாளில் குற்றமாயிற்று, ஆக்கியோர் யார் என்பதை நாம் கேட்டாக வேண்டும். அந்தப் பழைய பாவக்கணக்கின் மிச்சம், வால்பாறைத் தேயிலைக் காட்டிலே கொழுந்து கிள்ளும் பெண்ணின் தலைமீதும் இன்றுவரை தொங்கிக் கொண்டிருக்கிறது.

கருவைச் சிதைத்தவளுக்கு, செத்த பின் நீர்க்கடனும் கிடையாது என்கிறது மனு சாத்திரத்தின் 5ஆம் அத்தியாயம். பால்மணம் மாறாத சிறுமிக்குத் தாலி கட்டியவர்களும், அவள் விதவையானதும் மறுமணத்தைத் தடுத்தவர்களும் இதே சாத்திரக்காரர்கள்தாம்! அவளைக் கருவுறச் செய்தவன் எவன் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. 1863இல் புனேயிலே ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் அத்தகைய விதவைகள் அச்சமின்றிப் பிள்ளை பெறுவதற்கென்றே ஓர் இல்லம் திறந்தார்கள். சாத்திரம் வீதியில் தள்ளியவளுக்குச் சூத்திரன் வீடு அடைக்கலம் தந்தது.

வெள்ளையன் வந்தான், 1860இல் தண்டனைச் சட்டம் வந்தது. தாயின் உயிரைக் காக்க அல்லாமல் கருவைக் கலைத்தால் மூன்றாண்டுச் சிறை; வயிற்றில் கரு அசையத் தொடங்கிய பின் என்றால் ஏழாண்டு. தானே கலைத்துக் கொண்ட பெண்ணும் குற்றவாளியே. அசைவுக்கு முன், அசைவுக்குப் பின் என்ற இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது? கருவிலே ஆன்மா பிற்பாடுதான் புகுகிறது என்ற இடைக்காலக் கிறித்துவ இறையியலின் சாயல் இது. அந்த இறையியலாவது நிலையாக நின்றதா? 1588இல் ஐந்தாம் சிக்ஸ்டஸ் என்ற போப், எந்த நிலையில் கலைத்தாலும் கொலையே என்றார். மூன்றே ஆண்டில், 1591இல், பதினான்காம் கிரிகோரி அதைத் தளர்த்தினார். 1869இல் ஒன்பதாம் பயஸ் மீண்டும் இறுக்கினார். ஆண்டவன் கட்டளைக்கு இத்தனை திருத்தமா?

விடுதலைக்குப் பின், 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைந்தது. 1971இல் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. வரவேற்கத்தக்க சட்டமே. ஆயினும் முடிவு பெண்ணிடம் தரப்படவில்லை. மருத்துவரின் கருத்திடம் தரப்பட்டது. கருத்தடை தவறிய காரணத்தைச் சொல்லும் உரிமை 'மணமான பெண்'ணுக்கே என்று எழுதினார்கள். சாத்திரம் வாசலிலே நின்றுவிடவில்லை, தாலியின் வடிவிலே உள்ளே வந்து அமர்ந்தது! அந்தச் சொல் நீங்க 2021 வரை, ஐம்பது ஆண்டு பிடித்தது. மணமாகாதவரைப் பிரித்து நடத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 செப்டம்பர் 29இல்.

கர்ப்பத்தடையை மற்றவர் உடல்நலத்துக்காகவும் வறுமைக்காகவும் பேசியபோது, பெண் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றவர் பெரியார். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தக் குரல் ஏறவில்லை.

வால்பாறையை நினைத்துப் பாருங்கள். தோட்டங்களில் மருத்துவ வசதி வேண்டுமென்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டது. ஆனால் கருக்கலைப்புக்கு அரசு மருத்துவமனையோ அரசு ஏற்ற இடமோ, தகுதி பெற்ற மருத்துவரோடு வேண்டும். மலையில் கிடைக்காவிட்டால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, அறுபது கிலோமீட்டருக்கு மேல், பொள்ளாச்சிக்கு இறங்க வேண்டும். அன்றைய கூலி போகும். ஊர் வாய் கேட்கும். வாரக்கணக்குப் பார்க்கும் சட்டமோ அவளுக்காகக் காத்திராது.

மதம் அரசோடு கைகோத்தால் விளைவது என்ன என்பதை அயர்லாந்து காட்டிற்று. கருநாடகத்திலிருந்து சென்ற பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கரு பிழைக்காது என்று தெரிந்த பின்னும் கலைப்பு மறுக்கப்பட்டு, 2012 அக்டோபரில் கால்வேயில் இறந்தார். 2018இல் அந்நாட்டு மக்களே வாக்களித்து அந்தத் தடையை நீக்கினார்கள்.

இங்கே 2024 ஜூலை முதல் நாளிலிருந்து புதிய தண்டனைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பெயர் மாறியது, எண் 312 போய் 88 ஆயிற்று. மூன்றாண்டும் ஏழாண்டும், அசைவு கண்ட கருவும், தானே கலைத்துக் கொண்டவள் குற்றவாளி என்பதும் அப்படியே இருக்கின்றன.