கெய்ரோவின் பூனைத் தோட்டம்

 

கட்டார், குவைத், ஸஊதி அரேபியா, துபாய் எனத் தொழில் தேடி நம்மவர்கள் சென்றடைந்த நகரங்களில், குப்பைத் தொட்டிகளின் ஓரத்திலும் பள்ளிவாசல் வாயில்களிலும் பூனைகள் பசியோடு காத்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவற்றுக்கு ஒரு பிடி உணவு வைப்பவரைப் பார்த்து, வேலையற்றவர் என்று நகைப்போரும் உளர். அவ்வாறு நகைப்போருக்கு எகிப்தின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை எடுத்துச் சொல்லுங்கள்.

ஸுல்தான் ளாஹிர் பைபர்ஸின் பெயரை அறிவீர்கள். 1260ஆம் ஆண்டு ஐன் ஜாலூத்தில் மங்கோலியரைத் தடுத்து நிறுத்திய படையின் தளபதிகளுள் ஒருவர். அதே ஆண்டு அரியணை ஏறி 1277 வரை ஆண்டவர். அவர் எகிப்தின் மைந்தர் அல்லர். கிப்சாக் துருக்கியர் இனத்தில் பிறந்து, இளமையிலேயே அடிமையாக விற்கப்பட்டு அந்நிய மண்ணுக்கு வந்து சேர்ந்தவர். அவர் ஆட்சியைப் பிடித்த விதத்தில் இரத்தக் கறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கெய்ரோவின் வடபகுதியில் தாம் எழுப்பிய பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தை, வீடற்ற பூனைகளின் உணவுக்காக அவர் வக்பு செய்தார் என்று அந்நகரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறிவந்தனர். அத்தோட்டத்தின் பெயரே ‘பூனைத் தோட்டம்’ என்பதாகும்.

அதன் பிற்கால நிலையை எழுதி வைத்தவர் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேய அறிஞர். கெய்ரோவில் ஆண்டுக்கணக்கில் தங்கி, அரபு மொழி கற்று, எகிப்தியரின் வாழ்க்கை முறை பற்றி 1836இல் நூல் வெளியிட்டவர். அவர் தரும் விபரம் நெஞ்சைத் தொடுவது. காதியின் நீதிமன்றத்து முன்முற்றத்துக்கு நாள்தோறும் அஸர் வேளையில் இறைச்சிக் கழிவுகள் கொண்டுவரப்படும். பூனைகள் அழைக்கப்பட்டு உண்ணும். செலவு காதியுடையது. அக்காலத்தில் அந்தக் காதியும் துருக்கியிலிருந்து ஓராண்டுக்கென அனுப்பப்படுபவரே. அதாவது, இன்றைய நம் மொழியில், ஒப்பந்தத்தில் வந்த வெளிநாட்டவர்.

தோட்டத்தின் வருமானம் எங்கே போயிற்று? பொறுப்பாளர்கள், ‘நிலம் பாழடைந்துவிட்டது, பெருஞ்செலவின்றிப் பயன்தராது’ என்று காரணம் காட்டி அதனை விற்றனர். வாங்கியவரும் விற்றார். கை மாறிக் கை மாறி, ஈற்றில் பூனைகளுக்கென எஞ்சியது ஆண்டுக்கு 15 பியாஸ்டர் நிலவாடகை மாத்திரமே. வக்புகளின் பாதுகாவலர் என்ற முறையில், முன்னிருந்தவர்களின் அலட்சியத்துக்கும் சேர்த்துக் காதியே ஈடுசெய்ய நேர்ந்தது. லேனின் காலத்தில் அந்த உணவும் குறையலாயிற்று. நம் ஊர்ப் பள்ளிவாசல் காணிகளின் கதை சிலருக்கு இவ்விடத்தில் ஞாபகம் வரக்கூடும்.

இன்னுமொரு செய்தியையும் லேன் குறித்திருக்கிறார். வீட்டுப் பூனை வேண்டாமென்று ஆனதும், அதனைக் கொண்டுவந்து காதியின் முற்றத்தில் விட்டுச் செல்வது கெய்ரோவாசிகள் பலரின் வழக்கமாக இருந்ததாம்.

ஒரு ஸுல்தானையும் ஒரு நீதிபதியையும் இப்பணியில் ஈடுபடுத்தியது எது? பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அபூகதாதா (ரழி) அவர்கள் தாம் வுழூச் செய்யவிருந்த நீர்ப் பாத்திரத்தைச் சாய்த்துப் பூனைக்குப் பருகக் கொடுத்ததும், வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்ததும் ஸுனன் நூல்களில் உள்ளன. உறங்கிய பூனைக்காக நபியவர்கள் ஆடையின் கையை வெட்டினார்கள் என்ற கதையைப் பலர் விரும்பிச் சொல்வர். அது ஆதாரபூர்வமான ஹதீஸ் தொகுப்புகளில் காணப்படுவதில்லை. உறுதியான செய்திகள் இருக்க, அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பானேன்?

வெளிநாட்டிலுள்ள இளைஞனே, சகோதரியே! நீங்கள் உணவு வைக்க எண்ணினால் சிலவற்றைக் கவனியுங்கள். பொது இடங்களில் உணவிடுவதைத் தடைசெய்த நகரங்கள் உண்டு. முதலில் அவ்விடத்து விதியை அறிந்துகொள்ளுங்கள். எசமானரின் சமையலறையிலிருந்து எடுப்பதாயின் அனுமதி பெறுங்கள்; அது அமானிதம். நம் கறிச்சோறு பூனைக்கு உகந்ததன்று. வெங்காயமும் உள்ளியும் அதன் இரத்தத்தையே கெடுக்கும். கோடையில் உணவைவிட, நிழலில் வைத்த தண்ணீரே அதற்குப் பெரும் உபகாரம். ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால், யாரோ அதற்குக் கருத்தடை செய்வித்து மீண்டும் விட்டிருக்கின்றனர் என்பது பொருள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடமேனும் கழுவி, தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெற்றோர்களே, இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்து உங்கள் மகன் திரும்பும்போது அவனிடம் ஒன்றைக் கேளுங்கள்: ‘நீ உணவு வைத்த பூனையை யாரிடம் ஒப்படைத்தாய்?’ மனிதக் கையை நம்பிப் பழகிய பூனை, அவன் விமானமேறிய மறுநாளும் அதே படிக்கட்டில் அதே நேரத்தில் வந்து நிற்கும். அறைத் தோழன் ஒருவனுக்கு அந்த இடத்தையும் நேரத்தையும் காட்டிக்கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, இருவருமாகச் சேர்ந்து வைக்கத் தொடங்கினால் பூனையும் புதியவனை அறிந்துகொள்ளும்.