தி இன்கிரெடிபிள்ஸ்: ரைஸ் ஆஃப் தி அண்டர்மைனர்

பிக்ஸாரின் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ (2004) அனிமேஷன் படம் முடிந்த இடத்தில் தொடங்கும் வீடியோ கேம். ஹெவி அயர்ன் ஸ்டுடியோஸ் உருவாக்கியது. டிஎச்க்யூ நிறுவனம் 2005 நவம்பரில் வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், கணினி ஆகியவற்றிலும் கையடக்கக் கருவிகளிலும் வந்தது.

பிராட் பேர்ட் இயக்கிய படத்தின் கடைசிக் காட்சியிலிருந்தே இதன் கதை பிறக்கிறது. சூப்பர் ஹீரோக்களான பார் குடும்பம், மகன் டேஷின் ஓட்டப்பந்தயம் முடிந்து வெளியே வரும்போது தரை பிளக்கிறது. பிரம்மாண்டமான துளைப்பு இயந்திரத்தின் மேல் அண்டர்மைனர் எழுந்து, அமைதிக்கும் மகிழ்ச்சிக்கும் எதிராகப் போர் அறிவிக்கிறான். குடும்பம் முகமூடி அணிகிறது, படம் முடிகிறது. மார்வெலின் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழில் (1961) வந்த மோல் மேனை நினைவூட்டும் இந்தப் பாதாள வில்லன், திரையில் இருந்தது சில நொடிகளே. பிறகு என்ன நடந்தது என்று கேட்காத சிறுவர்கள் குறைவு.

ஹெவி அயர்ன் 2004இல் செய்த முதல் விளையாட்டு, படத்தின் கதையையே திரும்பச் சொன்னது. இரண்டாவதில் துணிந்து புதுக்கதை சொன்னார்கள். குடும்பத் தலைவர் பாப் பாரும் (மிஸ்டர் இன்கிரெடிபிள்) நண்பர் லூசியஸும் (ஃப்ரோஸோன்) வில்லனைத் துரத்திப் பூமிக்கடியில் இறங்கி, அவனுடைய ரோபோ படையோடு மோதுகிறார்கள். ஆட்டம் முழுவதையும் இருவர் சேர்ந்து ஆடலாம்; தனியாக ஆடுபவர் இரு நாயகர்களிடையே மாறிக்கொள்ளலாம். லூசியஸ் எதிரியை உறைய வைக்க, பாப் அடித்து நொறுக்குவார். நீரின் மேல் பனிப்பாதை போடுவது ஒருவர் வேலை, பாரத்தைத் தூக்குவது மற்றவர் வேலை. படத்தில் வசனங்களில் தெரிந்த நட்பு இங்கே ஆடுபவரின் கைக்கு வந்தது. இந்த விளையாட்டின் பெரிய பலம் அதுதான். ஆனால் ஒரே மாதிரியான சண்டைகள் திரும்பத் திரும்ப வந்ததால் விமர்சகர்களின் வரவேற்பு கலவையாகவே இருந்தது. மனைவி ஹெலன், மகள் வயலட், மகன் டேஷ் ஆகிய மூவராகவும் ஆட முடியாதது குறைதான். குடும்பம்தானே அந்தப் படத்தின் உயிர்!

2018 ஜூனில் ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ அதே கணத்திலிருந்து தொடங்கி வேறு கதை சொன்னது. அதில் மொத்தக் குடும்பமும் சண்டையில் இறங்குகிறது. அண்டர்மைனர் வங்கியைக் கொள்ளையடித்துத் தப்பிவிடுகிறான். ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் தொடர்கதையாக நின்ற விளையாட்டின் நிகழ்வுகளுக்குத் திரைக்கதையில் இடமில்லாமல் போயிற்று. அதே ஆண்டு வெளியான லெகோ விளையாட்டும் இரண்டு படங்களையே அடிப்படையாகக் கொண்டது.